யானை விலை, குதிரை விலை

தங்கை மகன் கையில் இருக்கிற போனுக்குள் ஒரு யானை நிற்கிறது. நெற்றிப்பட்டம் கட்டி, அம்பாரி ஏற்றி, தந்தத்துக்குப் பொன்பூண் போட்டு, இப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி மினுங்குகிறது. துதிக்கையைத் தூக்கி நம்மைப் பார்த்து ஒரு சலாம் வேறு. காலடியில் பச்சைப் பட்டன்: ‘அழை’. அவ்வளவுதான். என்ன விலை என்று எங்கேயும் ஓர் எழுத்து கிடையாது.

பார்த்ததும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நாகர்கோவிலில் பிறந்து 43 வருஷம் ஆகிறது. விலையைச் சொல்லி, வாங்க வந்தவன் மனசைப் புண்படுத்தக் கூடாது என்று நினைக்கிற வியாபாரி ஒருவரை இதுவரை நான் கண்டதில்லை. கடைசியில் கண்டுவிட்டேன், அதுவும் ஒரு போன் ஸ்க்ரீனுக்குள்.

அது ஒரு யுத்த விளையாட்டு. ஊர் கட்ட வேண்டும், வயல் வைக்க வேண்டும், படை திரட்டிப் பக்கத்து ஊர்க்காரனை அடிக்க வேண்டும். பெயரைச் சொல்ல மாட்டேன், கண் பட்டுவிடும். தேரூர்க் கவிமணி எங்கள் நாட்டு மருமக்கள்வழி முறைக்கே ஒரு மான்மியம் பாடி வைத்தார். எனக்குப் பாட்டு வராது. இந்த விளையாட்டைச் செய்தவர்களுக்கு வசனத்திலாவது ஒரு மான்மியம் எழுதாமல் போனால் நன்றி கெட்டவன் ஆகிவிடுவேன்.

அவர்களுடைய அருமை விளங்க, நான் வளர்ந்த லட்சணத்தை முதலில் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவுக்குக் குளச்சல் பக்கத்திலிருந்து ஓர் அம்மா மீன் கொண்டுவருவாள். சருவத்தை வாசலில் இறக்கி, சும்மாட்டை உதறுகிறபோதே விலை வந்து விழும். “நெத்திலி கூறு நூறு. சாளை கூறு அம்பது.” மூடியைத் திறப்பதற்கு முன்னால்! பிறகுதான் வாழையிலையில் கூறு கூறாகப் பிரித்து வைப்பாள். ஒவ்வொரு கூறும் கண்ணுக்கு நேரே இருக்கும், எண்ணிக்கொள்ளலாம். என் அம்மை ஒரு கூறிலிருந்து நாலு நெத்திலியை எடுத்து இன்னொரு கூறில் போட்டு, “இப்ப சொல்லு பிள்ளே, எண்பது” என்பாள். “வேணும்னா எடுங்கம்மா, இல்லேன்னா வெயிலு ஏறுது, நான் போறேன்.” முடிந்தது வியாபாரம். மீனை முதலில் காட்டி, அதன் கண்ணழகில் நம்மை மயக்கி, ஒரு வாரம் கழித்து விலையைச் சொல்லும் நயத்தை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, பாவம்.

தோவாளைக்குப் போனால் இன்னும் மோசம். விடியக்காலம் பூச்சந்தையில் கால் வைத்தால் பூ வாசனைக்கு முன்னால் விலைதான் மூக்கில் ஏறும். பிச்சி கிலோ இவ்வளவு, மல்லி கிலோ இவ்வளவு என்று ஆளுக்காள் கூவல். ஓணம் நெருங்கினால் விலை தாறுமாறாக ஏறும். அதையும் முகத்தில் அடித்தாற்போலச் சொல்லித்தான் விற்பார்கள். ஏறின விலையை ஒரு தங்க நாணயப் படத்துக்குப் பின்னால் ஒளித்துவைக்கலாமே என்று ஒருத்தருக்கும் தோன்றியதில்லை.

ரேஷன் கடைப் பலகையில் சர்க்கரை கிலோ 25 ரூபாய், துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. அரிசிக்கு நேரே ‘விலையில்லா’. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது, அதற்கும் கட்டணமில்லை என்று ஒரு சீட்டு அடித்துக் கையில் கொடுக்கிறார்கள். விலை இல்லாததற்கும் விலை எழுதுகிற ஊர் இது. இவ்வளவு ஏன், மும்மூர்த்தியும் ஒரே மூர்த்தியாய் நிற்கிற சுசீந்திரத்திலும் அர்ச்சனைக்கு இத்தனை ரூபாய் என்றுதான் எழுதி வைத்திருப்பார்கள். சாமிக்கும் ஒளிவுமறைவு தெரியவில்லை.

என் அப்பா கோட்டாறு கமிஷன் கடையில் கணக்கு எழுதியவர். ஒரு கோட்டைக்கு 21 மரக்கால் என்பதை எனக்கு அரிச்சுவடிக்கு முன்னால் சொல்லிக்கொடுத்தார். ‘மொத்தம் என்ன’ என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. ‘ஒண்ணு என்ன’ என்றுதான் கேட்பார். மொத்தத்தைக் காட்டுகிறவன் எதையோ மறைக்கிறான் என்பது அவருடைய கட்சி. இப்படிச் சந்தேகப் பிராணிகளுக்கு நடுவில் வளர்ந்தவன் விளையாட்டு என்று போய் உட்கார்ந்த இடமாவது நல்ல இடமா என்றால், அதுவும் இல்லை.

2002-ல் வெட்டூர்ணிமடம் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர். வாசலில் அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் ‘1 மணி 20 ரூபாய், அரை மணி 10’ என்று எழுதித் தொங்கும். உள்ளே எட்டு கம்ப்யூட்டர், ஒன்றுக்கொன்று ஒயர் இழுத்துக் கட்டியது. காலேஜ் முடிந்ததும் நாங்கள் நாலு பேர் போய் ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ இரண்டாம் பாகம் ஆடுவோம். 1999-ல் வந்தது. அதைப்போல நாகரிகம் கெட்ட விளையாட்டை நீங்கள் பார்த்திருக்க முடியாது.

ஸ்க்ரீனின் உச்சியில் நம்மிடம் மரம் எவ்வளவு, உணவு எவ்வளவு, தங்கம் எவ்வளவு, கல் எவ்வளவு என்று நாலு எண் எப்போதும் நிற்கும். அடியில் படைவீரர்களின் படம். எந்தப் படத்தின்மேல் மவுஸைக் கொண்டுபோனாலும் அதன் விலை உடனே எழுத்தில் வந்துவிடும். கிராமத்தான் ஒருவனுக்கு 50 உணவு. வில்லாளிக்கு 25 மரம், 45 தங்கம். கோட்டை கட்ட 650 கல். குதிரை வீரனுக்கு 60 உணவு, 75 தங்கம். பாரசீகக்காரர்களின் போர் யானைக்கு 200 உணவு, 75 தங்கம். யானை விலை, குதிரை விலை என்று நம் ஊரில் எட்டாத விலைக்குச் சொல்வோமே, அந்த இரண்டு விலையையும் பச்சையாக எழுதிவைத்த துணிச்சலைப் பாருங்கள்.

விலை தெரிந்துபோனதால் என்ன ஆயிற்று? யோசிக்க வேண்டியதாயிற்று. எதிராளி குதிரைப் படை கொண்டுவருகிறான் என்றால், குதிரை வீரன் ஒருவனுக்கு அவனுக்கு ஆகிற செலவு எல்லாம் சேர்த்து 135. நம்மிடம் ஈட்டிக்காரன் இருக்கிறான்: 35 உணவு, 25 மரம், ஆக 60. தங்கம் ஒரு குன்றிமணி வேண்டாம். ஒரு குதிரையின் காசுக்கு ரெண்டு ஈட்டி நிறுத்தினாலும் கையில் மிச்சம் இருக்கும், அந்த ஈட்டி குதிரையைக் குத்துவதற்கென்றே பிறந்தது. இந்தக் கூட்டல் கழித்தலை விட்டால் அந்த விளையாட்டில் வேறு ஒன்றுமே கிடையாது. அடுத்த நாற்காலிக்காரன் கத்துவான்: “எலே, உனக்கு எழுவதுதான் தங்கம் கெடக்கு, குதிரைக்கு எழுவத்தஞ்சு வேணும். அஞ்சு வெட்டிட்டு வா, நில்லு.” இருபது வயதுப் பையன்களை இப்படி மளிகைக் கடைக்காரர்கள் மாதிரி கணக்குப் பார்க்க வைத்தது எந்த ஊர் நியாயம்?

மனசு மாறி, சொல்லிவிட்ட யானையை வேண்டாம் என்று ரத்து செய்தால் கொடுத்த 200-ம் 75-ம் குறையாமல் திரும்பி வரும். விற்ற பொருளைத் திருப்பி எடுத்துக்கொண்டு முழுக் காசையும் தருகிறவன் எப்படிப் பிழைப்பான்? அந்த விளையாட்டைச் செய்த கம்பெனி பிற்பாடு மூடப்பட்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அந்தக் காலத்து விளையாட்டுகள் எல்லாமே இந்த ரகம்தான். ‘ஸ்டார்கிராஃப்ட்’ என்று 1998-ல் ஒன்று. 50 கனிமம் கொடுத்தால் ஜெர்கிளிங் என்ற பூச்சி ரெண்டு தருவார்கள். ஜோடியாகத்தான் தருவோம் என்று முன்னாலேயே சொல்லியும்விடுவார்கள். ‘வார்கிராஃப்ட்’ மூன்றாவதில், அதன் விரிவாக்கமான ‘ஃப்ரோசன் த்ரோன்’ வந்தபோது, படையின் சோற்றுக் கணக்கு 50-ஐத் தாண்டினால் வருகிற தங்கத்தில் நூற்றுக்கு 30 பிடித்தம், 80-ஐத் தாண்டினால் 60 பிடித்தம். அதை ஸ்க்ரீனின் தலையிலேயே எழுதிப்போட்டிருந்தார்கள். வாங்கும் விலையைச் சொன்னது போதாதென்று தீனிச் செலவையும் சொல்கிற கூட்டம்.

இப்போது அந்தப் பச்சைப் பட்டனுக்கு வருவோம்.

“மாமா, அத அமுக்குங்க, வரும்” என்றான் மருமகன். எட்டாம் வகுப்பு. அமுக்கினேன். யானை வரவில்லை, ஒரு பெட்டகம் வந்தது. நெய்விளக்கு வெளிச்சத்தில் கருவறையைப் பார்க்கிற மாதிரி, பெட்டகத்தின் இடுக்கிலிருந்து பொன்னொளி. யானை உள்ளே இருக்கிறதா என்று கேட்டேன். “முழுசா இருக்காது மாமா. துண்டு இருக்கும். அறுவது துண்டு சேந்தா யானை.”

எனக்குப் புல்லரித்தது. மீன்காரம்மா நெத்திலியைக் கூறு போட்டாள். இவர்கள் யானையைக் கூறு போட்டிருக்கிறார்கள். அதுவும் எத்தனை கூறு எந்தப் பெட்டகத்தில் என்று சொல்லி, திறக்கும் முன்பே சுவையைக் கெடுக்கவில்லை. மூன்று இருக்கலாம், பத்தும் இருக்கலாம். இந்த மாதிரிப் பெட்டகத்தில் எது கிடைக்க எத்தனை சதவீத வாய்ப்பு என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ஆப்பிள் கம்பெனி 2017 கடைசியில் ஒரு விதி போட்டது. இவர்கள் சட்டத்துக்கு அடங்கிய பிள்ளைகள், சொல்லியிருக்கிறார்கள். மூலையில் கடுகு அளவுக்கு ஒரு வட்டம், அதைத் தொட்டால் ஒரு பக்கம், அதன் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி, அதைத் தொட்டால் இன்னொரு பக்கம். அங்கே இருக்கிறது, சாம்பல்மேல் சாம்பல் எழுத்தில். பத்மநாபபுரம் அரண்மனையில் மகாராஜாவின் உப்பரிகைக்குப் போகக்கூட இத்தனை வாசல் இருக்கிறதா என்பது சந்தேகம். உண்மையை அதற்குரிய மரியாதையோடு உள்ளே எழுந்தருளப் பண்ணியிருக்கிறார்கள்.

பெட்டகம் என்ன விலை? 100 ரத்தினம். ரூபாய் என்ற கொச்சைச் சொல்லே விளையாட்டுக்குள் கிடையாது. உணவு, மரம் என்ற பட்டிக்காட்டுப் பண்டங்களும் இல்லை. ரத்தினம்தான் உண்டு. சரி, ரத்தினம் என்ன விலை? அதற்குத் தனிக் கடை, தனிக் கதவு. 89 ரூபாய்க்கு ஒரு பை, பைக்குள் 80 ரத்தினம்.

ஒரு கணம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இந்த 80-ஐயும் அந்த 100-ஐயும் பாருங்கள். ஒரு பை வாங்கினால் பெட்டகத்துக்குப் பற்றாது. ரெண்டு வாங்கினால் 160, ஒரு பெட்டகம் போக 60 மிச்சம். மிச்சத்தை வீணாக்கலாமா? மூன்றாவது பை வாங்கினால் 140, ஒரு பெட்டகம் போக 40. நாலாவதில் 120, போக 20. அஞ்சாவது பையில்தான் சரியாக 100 ஆகிக் கணக்குத் தீரும். அஞ்சு பைக்கு 445 ரூபாய், நாலு பெட்டகம். ஆக, பெட்டகம் ஒன்றுக்கு 111 ரூபாய் 25 காசு. கோட்டாற்றில் முப்பது வருஷம் கணக்கு எழுதிய என் அப்பா உயிரோடு இருந்திருந்தால் இந்த மூளைக்கு முன்னால் எழுந்து நின்றிருப்பார். எந்தக் கல்யாண வீட்டிலும் விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள், வெற்றிலை பாக்காவது கையில் கொடுப்பார்கள். இவர்களும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் நம் பையில் கொஞ்சம் ரத்தினத்தை மிச்சம் வைத்து, திரும்பி வர வழி செய்து அனுப்புகிறார்கள்.

யானைக்கு எத்தனை ரூபாய் என்று கேட்கிற பழைய புத்தி எனக்குப் போகவில்லை. பெட்டகத்துக்கு அஞ்சு துண்டு என்று சுமாராக வைத்துக்கொண்டேன். 60 துண்டுக்கு 12 பெட்டகம். 1200 ரத்தினம். 15 பை. 1335 ரூபாய். இந்த எண்ணைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழுத் தாளும் அரை மணி நேரமும் ஆயிற்று. விளையாட்டுக்காரர்கள் இதை யானையின் காலடியில் எழுதியிருந்தால் அரை விநாடியில் தெரிந்திருக்கும், என் மூளைக்கு வேலையே இல்லாமல் போயிருக்கும். ‘இளைஞர்கள் கணக்குப் பாடத்தில் பின்தங்குகிறார்கள்’ என்று கவலைப்படுகிறவர்கள் கவனிக்கவும்.

வாங்கின பிறகும் யானை நம்மை விடுவதில்லை. மணிக்கு இத்தனை மூட்டை தீனி தின்னும். எத்தனை என்பது யானையின் பக்கத்தில் இல்லை. களஞ்சியத்துக்குப் போய், வரவு என்ற எண்ணை நீளமாக அமுக்கிப் பிடித்தால் ஒரு சின்னச் சீட்டு விரியும், அதில் ஏழாவது வரி. சண்டையில் அடிபட்டால் வைத்தியச் செலவு. அதைச் சண்டைக்கு முன்னால் சொல்லி வீரத்தைக் கெடுப்பதில்லை. கையில் எவ்வளவு இருக்கிறது என்ற எண்ணும் கடைக்குள் நுழைந்ததும் நாணத்தோடு மறைந்துகொள்கிறது. விலை இருக்கும் பக்கத்தில் இருப்பு தெரியாது, இருப்பு தெரியும் பக்கத்தில் விலை இருக்காது. புதுப்பெண்ணும் மாமனாரும் மாதிரி, ஒருவர் இருக்கும் அறையில் மற்றவர் நிற்பதில்லை.

அழகைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு வாளுக்கும் பளபளப்பு, ஒவ்வொரு வேலுக்கும் மாலை. தொண்டைமானின் ஆயுதச்சாலைக்குள் ஔவை நின்றபோது நெய் பூசி, பீலி சூட்டி, காவலுக்குள் கிடந்த வேல்களைப் பார்த்து என்ன சொல்லிப் பாராட்டினாளோ, அதே பாராட்டை நானும் மனசாரச் சொல்கிறேன். அதியமானிடம் இருந்தது நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்த சரக்கு. எங்கள் பிரவுசிங் சென்டர் படையும் அந்த ஜாதிதான்: பார்க்க மங்கல், விலை மட்டும் துலக்கம்.

விலையைச் சொல்லித் தொலைக்கிற இந்த நோய் நமக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், பழி நேராகச் சோழர் தலையில் போய் விழுகிறது. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டினான், சரி. கட்டின கையோடு கும்பிட்டுவிட்டுப் போகாமல், சுவரெல்லாம் கணக்கு வெட்டிவைத்தான். ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமா? ஆடு என்றால் 96. பசு என்றால் 48. எருமை என்றால் 16. அதாவது ஒரு பசுவுக்கு ரெண்டு ஆடு, ஒரு எருமைக்கு ஆறு ஆடு. எந்தக் குடியானவன் வந்து சுவரைப் பார்த்தாலும் மாற்று விகிதம் விளங்கிவிடும். அதை ஓட்டிக்கொண்டு போகிற மன்றாடி விளக்கு ஒன்றுக்கு நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும், அளக்கிற மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர், அதையும் வெட்டிவைத்தார்கள். ஆயிரம் வருஷம் ஆகியும் அழியவில்லை. பெரிய ராஜா, ஆனால் இடைமுகம் அமைக்கத் தெரியவில்லை. 96 ஆட்டை 120 மாணிக்கம் என்று எழுதி, மாணிக்கத்தை 70, 70-ஆகப் பையில் கட்டி விற்றிருந்தால் கங்கைவரை படை அனுப்புகிற சிரமம் மகனுக்கு மிச்சமாகியிருக்கும்.

இந்தச் சோழரையே 2025 பிப்ரவரியில் வந்த ‘சிவிலைசேஷன்’ ஏழாவது விளையாட்டில் ஒரு நாடாகச் சேர்த்தார்கள். சேர்த்துவிட்டு, வேண்டிய விவரமெல்லாம் எளிதில் கண்ணில் படாதபடி ஸ்க்ரீனை அமைத்திருந்தார்கள். கல்வெட்டுக்காரர்களை அடக்க இதைவிட நல்ல வழி உண்டா? ஆட்டக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. அது தெரியவில்லை, இது விளங்கவில்லை என்று வந்த முதல் வாரத்திலேயே குறை குவித்துவிட்டார்கள். ஃபிராக்ஸிஸ் கம்பெனியும் குறையை ஒப்புக்கொண்டு திருத்த ஆரம்பித்தது. கொள்கைப் பிடிப்பு இல்லாதவர்கள்.

அரசாங்கங்களும் கலை ரசனை இல்லாமல்தான் நடந்துகொள்கின்றன. நம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில், வாங்குகிறவரை ஏய்க்கும் இணைய வித்தைகள் என்று 13 வகையைப் பட்டியல் போட்டுத் தடுத்தது. விலையை முழுசாகச் சொல்லாமல் சொட்டுச் சொட்டாக விடுவதும் அதில் ஒன்று. சொட்டு மருந்து கொடுத்தால் பாராட்டுகிறோம், சொட்டு விலை கொடுத்தால் தப்பா? 2025 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் இன்னும் ஒரு படி மேலே போய், விளையாட்டுக்குள் விற்கிற எதற்கும் நிஜப் பணத்தில் விலை தெளிவாகத் தெரிய வேண்டும், வேண்டாத ரத்தினத்தைச் சேர்த்து வாங்கவைக்கும்படி பை கட்டக் கூடாது என்றெல்லாம் நெறி வகுத்தது. 80-க்கும் 100-க்கும் நடுவில் இருந்த அந்த நுட்பத்தை நேராகப் பார்த்தே சொன்னது மாதிரி இருந்தது எனக்கு.

எல்லாரையும்விட மோசம் தங்கையின் பேங்க்தான். விளையாட்டுக்காரர்கள் இத்தனை திரை போட்டு, இத்தனை வாசல் வைத்து, ரூபாய் என்ற சொல்லே காதில் விழாமல் காப்பாற்றின பையனை அந்த பேங்க் ஒரு எஸ்எம்எஸ்ஸில் காட்டிக்கொடுத்துவிட்டது. தங்கையின் போனில்தான் ஆட்டம், அவள் கணக்கில்தான் காசு. ‘ரூ.89.00 பற்று வைக்கப்பட்டது.’ கூடவே தேதி, நேரம், மீதி இருப்பு. ஒளிப்பு இல்லை, யானை இல்லை, துதிக்கை சலாம் இல்லை. இப்படிப் பதினஞ்சு எஸ்எம்எஸ்.

“அண்ணே, இதென்ன எம்பத்தொம்பது எம்பத்தொம்பதா வந்து கெடக்கு?” என்று போனை நீட்டினாள். என் தாளில் இருந்த அதே எண்: 1335. என் சுமார்க் கணக்கு இவ்வளவு சரியாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அப்பா பெருமைப்பட்டிருப்பார்.

“யானை வாங்கியிருக்கான்” என்றேன்.

“பதிமூணு கூறு நெத்திலி” என்றாள் தங்கை, வாய்க்கணக்காக. “மிச்சம் முப்பத்தஞ்சு ரூவா.” பிறகு மருமகனைப் பார்த்து, “எங்கடா யானை?” என்றாள்.

யானை வந்திருக்கவில்லை. 52 துண்டுதான் சேர்ந்திருந்தது. இன்னும் எட்டு. விளையாட்டுக்காரர்கள் யாரையும் ஒரேயடியாகக் கைவிடுகிறவர்கள் இல்லை.

வீட்டில் சூடு தணியட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை பையனை உதயகிரிக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன், புலியூர்க்குறிச்சியில் இறங்கி. வாசலிலேயே பலகை: பெரியவர்களுக்கு இவ்வளவு, சிறுவர்களுக்கு இவ்வளவு, கேமராவுக்கு இவ்வளவு. திருந்தாத ஊர். உள்ளே மரநிழலில் நடந்து, கூரை போன சிற்றாலயத்துக்குள் டிலனாயின் கல்லறை முன்னால் போய் நின்றோம். பக்கத்தில் அவர் மனைவி, மகனின் கல்லறைகள். கல்லில் ஒரு பக்கம் லத்தீன், ஒரு பக்கம் தமிழ்.

கதை சொன்னேன். மிளகுக்காக டச்சுக்காரன் கப்பலில் வந்தது, 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மா அவனை அடித்தது, பிடிபட்ட கேப்டன் டிலனாய் இந்த ராஜாவுக்கே படை பழக்கி, இதே கோட்டைக்குள் பீரங்கி வார்த்து, வலிய கப்பித்தான் ஆகி, 1777-ல் இங்கேயே செத்தது. அடிபட்ட டச்சுக்காரன் 1753-ல் மாவேலிக்கரையில் வந்து கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன்: மிளகுக்குக் கண்டி ஒன்றுக்கு இத்தனை ரூபாய், வருஷத்துக்கு 12,000 ரூபாய்க்கு ஆயுதம் தர வேண்டும் என்று எல்லாம் ரூபாயில் எழுதின ஒப்பந்தம். ரத்தினத்தில் எழுதத் தெரியாத காலம்.

பையன் கவனமாகக் கேட்டான். கல்லறையைச் சுற்றி வந்து, எழுத்தைத் தடவிப் பார்த்தான்.

“இவரு கமாண்டரா மாமா?”

“ஆமா மக்கா.”

“இவர எடுக்க எத்தன துண்டு வேணும்?”

“துண்டெல்லாம் இல்ல. குளச்சல் கடக்கரையில முழுசாவே கெடச்சாரு.”

கொஞ்ச நேரம் யோசித்தான்.

“மொதப் பெட்டியிலயேவா?” என்றான்.